கனடாவில் எங்கள் முதல் இலையுதிர் காலம்: பிள்ளைகளோடு என்ன செய்யலாம், ஹாலோவீனுக்கு எப்படித் தயாராவது?

திருச்சி_டு_மிசிசாகா (செப்டம்பர் 15)

எல்லோருக்கும் வணக்கம். மார்ச்சில்தான் திருச்சியிலிருந்து மிசிசாகாவுக்குக் குடிவந்தோம். பெண்ணுக்கு 8 வயது, பையனுக்கு 4. பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் அக்டோபர் 31இல் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாக இனிப்பு வாங்கப் போகிற ஹாலோவீனுக்காகக் கடைகளில் எங்கே திரும்பினாலும் ஆரஞ்சு நிறப் பூசணியும் எலும்புக்கூடும்தான். பெண் தினமும் ஒரு செய்தியோடு வருகிறாள், அவளுடைய வகுப்பில் ஒருத்தி தேனீ வேஷம் போடப் போகிறாளாம், இன்னொருத்தி வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆப்பிள் பறிக்கப் போவார்களாம், "நாம என்னம்மா செய்வோம்?" என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது ஒன்பதாவது மாடி அபார்ட்மெண்ட், வாசல் திண்ணை, தோட்டம் எதுவும் கிடையாது. மாமியார் டிசம்பர் வரை எங்களோடு இருக்கிறார். அவருக்கு இந்தப் பேய், மண்டை ஓடு எல்லாம் பிடிக்கவில்லை, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எதற்கு இதெல்லாம் என்கிறார். அவர் மனம் நோகாமலும் செய்ய வேண்டும்.

கார் இருக்கிறது, ஆனால் நிறையச் செலவு செய்ய முடியாது. ஊரில் கார்த்திகைக்கு நானும் அம்மாவும் மாடிச் சுவர் முழுக்க அகல் வைப்போம், எண்ணெய் ஊற்றுவது என் வேலை, திரி போடுவது தம்பி வேலை. இத்தனை வருடம் கழித்தும் அந்த எண்ணெய் வாசனை எனக்கு மறக்கவில்லை. அதுமாதிரி வருடா வருடம் நாம் இதைச் செய்வோம் என்று என் பிள்ளைகளுக்கு இந்த ஊரிலும் ஏதாவது ஒன்று அமைய வேண்டும் என்று ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்காபரோ சித்தி (செப்டம்பர் 15)

வணக்கம் தங்கச்சி. நான் ரொறன்ரோவுக்கு வந்து 27 வருசம். மூன்று பிள்ளைகளையும் இங்கேதான் வளர்த்தேன், இப்போது பேரப்பிள்ளையோடு அதே வேலையை மறுபடி செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வேஷம். ஒக்டோபர் 31 இரவு இங்கே எப்படியும் குளிரும், மழையும் வரலாம். கடையில் தொங்குகிற மெல்லிய உடுப்பை அளவாக வாங்கினால் அதற்கு மேல் ஜாக்கெட்டைப் போட வேண்டி வரும், பிறகு பிள்ளை என்ன வேஷம் என்று யாருக்கும் தெரியாது, பிள்ளை அழும். எங்கள் மூத்தவளின் முதல் வருசம் அப்படித்தான் போனது. அதனால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கோ, ஜாக்கெட் உள்ளே, வேஷம் வெளியே. முகமூடி வேண்டாம், கண் மறைக்கும், முகத்தில் கொஞ்சம் பெயின்ற் பூசினால் போதும். எங்கள் வீட்டில் வடிவாக வந்த வேஷங்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் நாங்களே செய்தவைதான்: ஒரு வருசம் மயில், ஒரு வருசம் தபால்பெட்டி. செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கினால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளோடு இருந்து வெட்டி ஒட்டலாம், அந்த நேரம்தான் அவர்களுக்கு இப்போதும் ஞாபகம், வாங்கிய உடுப்பு ஒன்றும் ஞாபகமில்லை.

அன்றைக்கு நடப்பது இதுதான். ஆறு மணி சுமாருக்கு இருட்டுப்படும். சின்னாக்கள் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார்கள், பெரிய பிள்ளைகள் எட்டு, எட்டரை வரை. வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்கு மட்டும் போக வேண்டும், விளக்கு அணைந்திருந்தால் அந்த வீட்டில் இனிப்பு இல்லை அல்லது அவர்களுக்கு விருப்பமில்லை, தட்டக் கூடாது. "ட்ரிக் ஓர் ட்ரீட்" சொல்லி, வாங்கி, நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீடு. கறுப்பு உடுப்பென்றால் முதுகில் ஒளிர்கிற டேப் ஒட்டுங்கோ, கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். பள்ளியிலும் கேளுங்கோ, சில பள்ளிகளில் வேஷம் போட்டு வரச் சொல்வார்கள், சிலவற்றில் ஆரஞ்சும் கறுப்பும் உடுத்தி வந்தால் போதும் என்பார்கள்.

அபார்ட்மெண்டில் எப்படி என்றால், பல கட்டிடங்களில் கீழே லொபியில் ஒரு தாள் ஒட்டுவார்கள், இனிப்புக் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் தங்கள் யூனிட் எண்ணை அதில் எழுதலாம். உங்கள் கட்டிடத்தில் இல்லையென்றால் ஒஃபீசில் கேட்டு நீங்களே ஒட்டுங்கோ. கட்டிடத்துக்குள்ளே நடப்பதால் குளிர் பிரச்சினையும் இல்லை, உங்கள் நாலு வயது மகனுக்கு அது நல்ல இடம்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஹாலோவீனுக்கு மறுநாள், நவம்பர் 1 இருட்டினபிறகு, ரொறன்ரோவில் பல பூங்காக்களில் பூசணி அணிவகுப்பு நடக்கும். முதலில் தொடங்கியது 2004இல் சொராரன் பூங்காவில். முகம் வெட்டின பூசணியை எல்லோரும் கொண்டுபோய்ப் பாதையோரம் வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். டிக்கெட் இல்லை, மேடை இல்லை, சும்மா நடந்து பார்ப்பதுதான். முடிந்தபிறகு அவற்றை உரமாக்க எடுத்துப்போய்விடுவார்கள், நீங்கள் திருப்பிச் சுமக்க வேண்டியதில்லை. நீங்கள் கார்த்திகை விளக்கைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. கட்டாயம் போங்கோ.

---

மில்டன்_கார்த்தி (செப்டம்பர் 16)

மிசிசாகா என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர், அரை மணி நேரத்தில் மில்டன், முக்கால் மணியில் காலிடன், இரண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டங்கள். நாங்கள் ஏழு வருடமாக செப்டம்பர் மூன்றாவது வாரம் தவறாமல் போகிறோம். வார இறுதியில் பல தோட்டங்களுக்கு ஆன்லைனில் முன்பதிவு வேண்டும், நுழைவுக் கட்டணமும் இருக்கும், செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கட்டணமில்லாமல் பழம் நிரப்புகிற பைக்கு மட்டும் காசு வாங்குகிற சிறிய தோட்டமாகப் பாருங்கள். டிராக்டர் வண்டிச் சவாரி, சோளக்காட்டுக்குள் வழி கண்டுபிடிக்கிற விளையாட்டு எல்லாம் பெரிய தோட்டங்களில்தான் இருக்கும், முதல் வருடம் அது தேவையில்லை என்பது என் கருத்து.

பறிக்கும்போது பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான், இழுக்காதே. பழத்தை உள்ளங்கையில் பிடித்து மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருகினால் காம்போடு கையில் வந்துவிடும். இழுத்தால் அடுத்த வருடம் காய்க்க வேண்டிய மொட்டும் சேர்ந்து போய்விடும். என் பையன் மூன்று வயதில் இதைக் கற்றுக்கொண்டான், இப்போது தோட்டத்தில் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

எல்லா ரகமும் ஒரே நேரத்தில் பழுக்காது. செப்டம்பர் நடுவில் மெக்கின்டாஷ், மாதக் கடைசியில் ஹனிகிரிஸ்ப், அதற்கப்புறம் மற்றவை. மெக்கின்டாஷ் இந்த மாகாணத்துப் பழம். ஒன்டாரியோவின் கிழக்குப் பகுதியில் டண்டெலா என்ற ஊரில் 1811இல் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி காட்டைத் திருத்தியபோது தானாக முளைத்திருந்த ஆப்பிள் கன்றுகளைப் பார்த்து எடுத்து நட்டார், அதில் பிழைத்த ஒரு மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டித்தான் இன்று உலகத்தில் இருக்கிற அத்தனை மெக்கின்டாஷ் மரமும் வந்தது. இதைத் தோட்டத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அந்தப் பழத்தைக் கடிக்கிற விதமே மாறும்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டு வழக்கம் ஆப்பிள் ஊறுகாய். புளிப்பான பழமாகப் பார்த்துத் தோலோடு பொடியாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் மாங்காய் ஊறுகாய்க்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஃபிரிட்ஜில் வையுங்கள். தயிர்சாதத்துக்கு இதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடும்போதுதான் எங்களுக்கு இலையுதிர் காலம் வந்த மாதிரி இருக்கும்.

இலை நிறம் பார்க்க அல்கான்குவின் பூங்காவுக்குப் போகச் சொல்வார்கள். போகலாம், அருமையான இடம், ஆனால் மூன்று மணி நேரப் பயணம், வண்டிக்கான அனுமதியை முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வார இறுதிகளில் சீக்கிரமே தீர்ந்துவிடும். நாலு வயதுப் பிள்ளையோடு முதல் வருடம் ரேட்டில்ஸ்நேக் பாயின்ட் போதும், மில்டனிலேயே இருக்கிறது, அதற்கும் நேரம் பதிவு செய்துவிட்டுப் போங்கள். பாறை விளிம்புகள் உண்டு, பையன் கையை விடாதீர்கள். நம் பக்கம் மேப்பிள் நன்றாகச் சிவப்பது அக்டோபர் நடுவில்தான்.

பெண் எட்டு வயது என்கிறீர்கள், ஏன் நிறம் மாறுகிறது என்று நிச்சயம் கேட்பாள். பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைச் செய்வதை நிறுத்திவிடுகிறது. மஞ்சள் நிறம் கோடையிலும் இலைக்குள் இருந்ததுதான், பச்சை மறைத்திருந்தது, பச்சை போனதும் தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, அதை இலை இந்தக் காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது, பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் இன்னும் பளிச்சென்று வரும். நாங்கள் ஒவ்வொரு வருடமும் ஆளுக்கு ஓர் இலை எடுத்துவந்து செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, காய்ந்ததும் ஒரு நோட்டில் ஒட்டித் தேதி எழுதுகிறோம். பையனின் கையெழுத்து வருடா வருடம் மாறுவதையும் அதே நோட்டில் பார்க்கலாம். நவராத்திரிக்குக் கொலு வைப்பவராக இருந்தால் மிச்ச இலைகளைக் கொலுப் பூங்காவில் பரப்புங்கள்.

---

ஜெர்சி_அக்கா (செப்டம்பர் 16)

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை, சைவமென்றால் இனிப்புப் பையைத் திறக்கும் முன் இதைப் பாருங்கள். மார்ஷ்மெல்லோ, ரப்பர் மாதிரி இழுபடும் கம்மி வகைகள், கேண்டி கார்ன் இவற்றில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. இங்கே விற்கிற ஸ்டார்பர்ஸ்டில் உண்டு, ஸ்கிட்டில்ஸில் இல்லை. கனடாவில் தயாரிப்பு மாறலாம், பொட்டலத்தைப் படியுங்கள். எங்கள் வீட்டில் அன்று இரவு தரையில் பாய் விரித்து எல்லாவற்றையும் கொட்டி வகை பிரிப்போம், என் பெண்ணே ஏழு வயதிலிருந்து லேபிள் படித்துப் பிரிக்கிறாள், சாப்பிட முடியாததைத் தோழியின் சாக்லேட்டுக்கு மாற்றிக்கொள்வாள். தெருத்தெருவாக நடந்ததைவிட அந்தப் பண்டமாற்றுதான் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம்.

என் இரண்டாவது பையனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. அவன் மூன்று வயதில் ஒருமுறை அவசர சிகிச்சைக்கு ஓடியிருக்கிறோம், அதன் பிறகு இரண்டு வருடம் ஹாலோவீன் என்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். அப்போதுதான் ஒரு வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறம் அடித்த பூசணியைப் பார்த்தேன். அப்படி வைத்திருந்தால் அந்த வீட்டில் இனிப்போடு பென்சில், ஸ்டிக்கர், பம்பரம் மாதிரி சாப்பிடாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம். டீல் பம்ப்கின் என்பார்கள், உணவு ஒவ்வாமைக்கான ஃபேர் என்ற அமைப்பு 2014இல் நாடு முழுக்கக் கொண்டுபோனது, கனடாவிலும் வைக்கிறார்கள். என் பையன் அன்று வாங்கிய ஒளிரும் வளையத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறான். அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள், உங்கள் கதவில் ஒரு சின்ன நீலப்பச்சைப் பூசணியைத் தாளில் வரைந்து ஒட்டி, ஒரு கிண்ணம் பென்சில் வையுங்கள். இரண்டு டாலர் செலவுதான்.

வீட்டில் செய்த முறுக்கு, அதிரசம் எதையும் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், கடைப் பொட்டலம் பிரிக்காததைத்தான் பெற்றோர் அனுமதிப்பார்கள். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தபோது எனக்கும் அந்த ஆசை வந்தது. முறுக்கைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, வாசலில் பூசணிக்குப் பக்கத்தில் அகல் வரிசை வைத்தேன், காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் வேஷம். அதைப் பற்றித் தெருவில் இன்னும் பேசுகிறார்கள்.

---

திருச்சி_டு_மிசிசாகா (செப்டம்பர் 17)

எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், மனமார்ந்த நன்றி. ஸ்காபரோ சித்தி, லொபித் தாளைப் பற்றி இன்றே கேட்டேன், போன வருடம் ஒட்டினார்களாம். ஜெர்சி அக்கா, நாங்கள் சைவம்தான், ஜெலட்டின் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது.

அத்தைதான் இன்னும் சமாதானமாகவில்லை. இன்று புரட்டாசி பிறந்திருக்கிறது, முன்னோர்களை நினைக்க வேண்டிய மாதத்தில் பேய் பொம்மை வாங்குவதைப் பற்றிப் பேசுகிறாயே என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரி இருக்கிறது. என்ன சொல்வது?

---

நாகர்கோவில்_கடற்கரை (செப்டம்பர் 17)

உங்கள் அத்தை சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுங்கள், ஏனென்றால் இந்த நாளும் முன்னோர்களை ஒட்டி வந்ததுதான். நாங்கள் கத்தோலிக்கர்கள், ஊரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முன்தினமே தாத்தா, பாட்டி கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நவம்பர் 1 எல்லாப் புனிதர்கள் நாள், அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன், பெயரே அதிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற இரவை சௌவின் என்று கொண்டாடியிருக்கிறார்கள், அன்று இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே இருக்கிற கதவு திறக்கும் என்பது நம்பிக்கை. பழைய இங்கிலாந்தில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடுவீடாகப் போய் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லி ரொட்டி வாங்குவார்கள்.

பூசணி அப்புறம் வந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே வெளிச்சம் வைப்பார்கள், கெட்டதை விரட்ட. பஞ்சத்தில் கப்பல் ஏறி அமெரிக்கா வந்த ஐரிஷ்காரர்களுக்கு இங்கே பூசணி கிடைத்தது, பெரியது, குடைய எளிது, அதையே பிடித்துக்கொண்டார்கள். இப்போது உங்கள் அத்தையிடம் கேளுங்கள், புது வீடு கட்டும்போது பூசணிக்காயில் உருட்டு விழியும் மீசையும் வரைந்து தொங்கவிடுவது எதற்கு? ஆயுத பூஜைக்குத் தெருவில் உடைப்பது எதற்கு? அவரிடமே மார்க்கரைக் கொடுத்து முகம் வரையச் சொல்லுங்கள். மண்டை ஓடு வேண்டாமென்றால் வேண்டாம், பூசணி, சோளக்கதிர், இலை மட்டும் வைத்தாலே அழகுதான், எங்கள் வீட்டிலும் அவ்வளவே.

வெட்டுகிற முறை: மூடியைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்டுங்கள், நேராக வெட்டினால் உள்ளே விழும். விதையும் நாரும் எடுப்பது பிள்ளைகள் வேலை, கத்தி உங்கள் வேலை. ஹாலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வெட்டினால் போதும், முன்னாலேயே வெட்டினால் பூஞ்சை பிடிக்கும், வெளியே வைத்தால் அணில் தின்னும். உள்ளே பேட்டரி விளக்கு வையுங்கள், அபார்ட்மெண்டில் மெழுகுவர்த்தி வேண்டாம். விதையைக் கழுவி நன்றாகத் துடைத்துக் காயவைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசிறி ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கால் மணி நேரம், நடுவில் ஒருமுறை கிளறுங்கள். முகம் வெட்டுகிற பெரிய பூசணி சமையலுக்கு ருசிக்காது, நீர்த்துப்போகும். எரிசேரி, கூட்டு வைக்க சிறிதாக இருக்கிற பை பம்ப்கினைத் தனியாக வாங்குங்கள்.

---

மிசூரி_அப்பா (செப்டம்பர் 19)

நாங்கள் இருக்கிற செயின்ட் லூயிஸில் ஒரு வழக்கம் உண்டு, இங்கே பிள்ளைகள் சும்மா இனிப்பு வாங்க முடியாது, ஒரு ஜோக்கோ விடுகதையோ சொல்ல வேண்டும். அக்டோபர் முழுக்க ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் இரண்டு பெண்களும் ஒத்திகை பார்ப்பார்கள். மூன்று வருடம் முன்னால் என் அம்மா ஃபோனில் சொல்லிக்கொடுத்த விடுகதைகளை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். "அடிக்காமல் திட்டாமல் கண்ணீர் வரவழைப்பான், யார்?" என்று என் சின்னவள் கேட்டதும் எதிர்வீட்டுத் தாத்தா ஐந்து நிமிடம் யோசித்தார், வெங்காயம் என்றதும் இரண்டு சாக்லேட் சேர்த்துக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு வருடமும் புதுசு என்ன என்று அவர்தான் கேட்கிறார். உங்கள் ஊரில் கட்டாயமில்லை, ஆனாலும் பாட்டி வீட்டில் இருக்கும்போது இதைவிட நல்ல வாய்ப்பு வராது. அவருக்கு ஐம்பது விடுகதை தெரிந்திருக்கும்.

---

திருச்சி_டு_மிசிசாகா (நவம்பர் 2)

உங்கள் எல்லோருக்கும் எப்படி நடந்தது என்று சொல்லியே ஆக வேண்டும்.

ஆப்பிள் செப்டம்பர் 27 அன்று பறித்தோம், ஊறுகாய் மூன்று நாளில் காலி. பெண் தானே வெட்டி ஒட்டிய மேப்பிள் மர வேஷம் போட்டாள், ரேட்டில்ஸ்நேக் பாயின்டில் பொறுக்கிய இலைகளைப் பழைய பழுப்பு ஸ்வெட்டரில் ஊசிநூலால் தைத்தோம், ஜாக்கெட்டுக்கு மேல் சரியாக இருந்தது. பையன் தேனீ. லொபித் தாளில் 31 வீடுகள் பெயர் கொடுத்திருந்தன. ஆறாவது மாடியில் கதவைத் திறந்தது பெண்ணின் வகுப்புத் தோழி, இத்தனை மாதம் ஒரே கட்டிடத்தில் இருந்திருக்கிறோம், தெரியவில்லை. மீதி மாடிகளுக்கு இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு ஓடினார்கள்.

அத்தை கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு கையில் சாக்லேட் கிண்ணமும் ஒரு கையில் பென்சில் கிண்ணமும் வைத்துக்கொண்டார். வந்த பிள்ளைகளிடம் எது வேண்டும் என்று சைகையில் கேட்டார், ஒரு சின்னப் பெண் பென்சில் எடுத்ததும் அவளுடைய அம்மா நின்று நன்றி சொன்னாராம். ஜெர்சி அக்கா, அது உங்களால்.

பூசணியில் முகம் வரைந்தது அத்தைதான். ஆந்தைக் கண், முறுக்கிய மீசை, நீட்டிய நாக்கு, அப்படியே நம் ஊர்த் திருஷ்டிப் பூசணி. நான் அந்தக் கோட்டின் மேலேயே வெட்டினேன். நேற்று இருட்டியதும் அதைக் காரில் வைத்து சொராரன் பூங்காவுக்குப் போனோம். பாதையின் இரண்டு பக்கமும் முகங்கள், எல்லாவற்றுக்குள்ளும் வெளிச்சம். நடுவில் எங்கள் மீசைக்காரரைப் பார்த்து நிறையப் பேர் நின்றார்கள், ஒருவர் குனிந்து இது யார் என்று கேட்டார், என் பெண் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே இருந்தாள், அத்தை தமிழில் அவளுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

விதைக்கு மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, பையனுக்குத் தனியாக உப்பு மட்டும் போட்டு ஒரு தட்டு வறுத்தேன்.